பதினான்கு வயதில் தறியா, சோதனைச் சாலையா?

(தாமலில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



காஞ்சிபுரம் என்றால் உலகம் பட்டைச் சொல்லும், கோயிலைச் சொல்லும். அந்தப் பட்டை நெய்கிறவன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவனைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது பதினான்கு. அடுத்த ஆண்டு அவன் விஞ்ஞான வகுப்பில் இருப்பானா? அல்லது தகப்பனார் பக்கத்தில் அமர்ந்து நாடா எறிந்துகொண்டிருப்பானா?

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என்கிறது. அதாவது எட்டாம் வகுப்போடு கட்டாயம் முடிந்துவிடுகிறது. ஆனால் தோழர்களே, மெய்யான விஞ்ஞானப் படிப்பு எப்போது தொடங்குகிறது? அணுவின் அமைப்பும், மின்சாரத்தின் விதியும், உயிரணுவின் இயல்பும் ஆழமாகக் கற்பிக்கப்படுவது ஒன்பதிலும் பத்திலும் அன்றோ! விஞ்ஞானம் வாயிலைத் திறக்கும் வேளையில் சட்டம் விடைபெற்றுக்கொள்கிறது. அந்த இடைவெளியில் நுழைகிறது வறுமை. “போதும் படித்தது, வா தறிக்கு” என்று கையைப் பிடித்து இழுக்கிறது.

இந்தக் குரல் நமக்குப் புதிதா? 1953ஆம் ஆண்டு இராஜாஜி அமைச்சரவை, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டு நாடு கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. ஆணை ஒழிந்தது உண்மை. ஆயினும் அடுப்பெரியாத வீட்டில் அதே ஆணையைப் பசி பிறப்பிக்கிறதே, அதை எதிர்த்து யார் ஊர்வலம் போவது?

“நெசவாளி மகனுக்கு இரசாயனம் எதற்கு? பௌதிகம் எதற்கு?” என்று கேட்பார் உளர். நான் திருப்பிக் கேட்கிறேன்: இரசாயனம் இல்லாமல் பட்டு ஏது? கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் இட்டுக் காய்ச்சுகிறோம். இழையின்மேல் படிந்த செரிசின் என்னும் பசை கரைந்து போகிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. உள்ளிருந்த ஒளி வெளிப்படுகிறது. சாயம் ஏறுவது இரசாயனம். வெள்ளி இழைக்குப் பொன் முலாம் பூசுவது இரசாயனம். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு மினுமினுப்பு என்று பெரியவர்கள் கூறுவர். மெய்யா, வெறும் சொல்லா? இரு ஊர்த் தண்ணீரை எடுத்து, ஒரே பட்டை இரண்டிலும் காய்ச்சி, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று எந்தப் பிள்ளை எழுந்து சொல்கிறானோ, அவனே விஞ்ஞானி! தாமல் ஏரி நிரம்பியிருக்கும்போது மதகில் நீர் சீறிப் பாய்வதும், வற்றும்போது தளர்ந்து ஒழுகுவதும் ஏன் என்று கேட்பவனும் பௌதிக மாணவனே.

தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். அதை உருவாக்கிய ஜக்கார்டு, பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து நெசவாளி மகன். துளையிட்ட அட்டைகளால் இழைகளுக்குக் கட்டளையிடலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் காட்டினான். அந்த அட்டைகளைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்குக் கருவியாகக் கொண்டார். இன்றைய கணிப்பொறிக்கு முன்னோடி அது. கணிப்பொறியின் பாட்டன் நம் வீட்டுத் தறியில் அமர்ந்திருக்கிறான். பேரனை அறிய நம் பிள்ளைக்கு வழி இல்லை என்றால் அது நீதியா?

1966ஆம் ஆண்டு கோத்தாரி கல்விக் குழு, முதல் பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் விஞ்ஞானமும் கணிதமும் எல்லா மாணவருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பு முடித்தவன், விஞ்ஞானப் பிரிவா வேறு பிரிவா என்று தேர்ந்துகொள்ளும் நிலை வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. நல்ல சட்டம். ஆனால் பத்தோடு நின்றவனுக்கு அந்தக் கதவு திறக்குமா? படிக்கட்டு ஏறாதவனுக்கு மாடியில் விருந்து வைத்து என்ன பயன்?

ஆகவே தோழர்களே, கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பில் பெயர் இல்லாத பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுங்கள். பெண் பிள்ளையானால் இருமுறை செல்லுங்கள். தகப்பனாரைக் குறை கூறாதீர்கள். அவர் கடனைக் கேளுங்கள், உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: சோதனைச் சாலை வாரத்துக்கு எத்தனை முறை திறக்கப்படுகிறது? பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டே, அது பிள்ளைகள் கையால் செய்து பெற்றதா, ஏட்டைப் பார்த்து எழுதிப் பெற்றதா?

நெசவு இழிவான தொழில் என்று நான் சொல்லவில்லை. கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கும் கலைக்கு ஈடு ஏது? பன்னிரண்டு படித்துவிட்டு ஒருவன் விரும்பித் தறியில் அமரட்டும், வாழ்த்துவோம். வேறு வழி இன்றி அமரக் கூடாது. தறியும் அவனுக்கு உரியது, சோதனைச் சாலையும் அவனுக்கு உரியது. இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை அவன் பதினெட்டு வயதில் பெறட்டும். அதுவரை அவனை வகுப்பில் இருத்திக் காப்பது நம் கடன்.