சாத்தமங்கையில் எழுந்த தீ

திருச்சிற்றம்பலம்.



திருநாளைப்போவார் வரலாற்றை இவ்விழாவில் எடுத்துரைக்குமாறு நம்மைப் பணித்துள்ளனர். நந்தனார் என்று பெயர் சொன்ன அளவிலே நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது பண்ணை வேதியர் ஒருவரின் உருவம். நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஓரிரவில் முடித்தாலன்றிச் சிதம்பரம் செல்லலாகாது என்று தடுத்தாரே, அவர். அவர் பெரியபுராணத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் அவர் வருகின்றார். பாரதியார் சோழநாட்டுப் பண்ணையாட்களின் நிலையைக் கண்ணாரக் கண்டவர். கண்டதைக் கதையுள் வைத்தார். அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அதனால் ஒன்று நேர்ந்துவிட்டது. தடுத்தவன் யாரோ ஒரு கொடியவன் என்று எண்ணிக் கேட்போர் ஆறுதல் அடைந்து வீடு திரும்புகின்றனர்.

சேக்கிழார் பெருமான் அந்த ஆறுதலை நமக்கு அளிக்கவில்லை. அவர் பாட்டிலே நந்தனாரைக் கைநீட்டி மறித்தார் ஒருவரும் இலர், வைதார் இலர். ஆயினும் அவர் உள்ளே செல்ல முடியவில்லை. ஒருவரும் தடுக்காமலே ஒருவர் நுழைய இயலாதபடி ஓர் ஊர் அமைந்திருக்கிறது என்றால், அத்தடையின் வலிமையை நாம் அளந்து பார்த்தல் வேண்டும்.

ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த அப்பெருமகனார் செய்த தொண்டு யாது? பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் கோயில்களுக்குக் கொடுத்து வந்தார். அவர் கொடுத்த தோல் உள்ளே போயிற்று. அவர் கொடுத்த நரம்பு இறைவன் திருமுன்னர் இசைத்தது. கோரோசனையோ கருவறைக்கே சென்றது. கொடுத்த கை மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றது. சற்றுமுன் இத்திருச்சுற்றிலே தவில் முழங்கியதைக் கேட்டு மகிழ்ந்தோம்; அதன் தோல் யாருடைய கையால் பதமாயிற்று என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

திருப்புன்கூரிலே அவர் வாயிலில் நின்று சிவலோகநாதரை நேரே காண விழைந்தார். நந்தியெம்பெருமான் விலகிக் கொடுத்தார். இன்றும் அங்கே நந்தி சற்று விலகியிருத்தலைக் காணலாம். காட்சி கிடைத்தது, வாயிலோ அப்படியே இருந்தது. அதற்குப் பின்னர்த்தான் தில்லை வேட்கை மிகுகின்றது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள்கள் கழிகின்றன. ஒருநாள் போய்விடுகிறார். எல்லையிலே வேள்விப் புகையைக் கண்டு அஞ்சி, உட்செல்லாமல் ஊரையே வலம் வந்து, இப்பிறப்பு தடையாயிற்றே என்று வருந்தித் துயில்கின்றார். அவர் கனவிலும் தில்லைவாழ் அந்தணர் கனவிலும் இறைவன் தோன்றுகின்றான். அந்தணர் தீ வளர்க்கின்றனர். நந்தனார் அதனுட் புக்கு, முனிவர் வடிவினராய் எழுந்து, திருச்சன்னிதி சென்று மறைகின்றார்.

இவ்விடத்திலே வினா எழுகின்றது. இறைவனே அவரைத் தீயில் மூழ்கச் சொன்னான் என்றால், அவர் பிறப்பிலே மாசு உண்டு என்று இறைவனும் கொண்டான் என்பதாகாதா? இவ்வினாவை இளைஞர்கள் நம்மிடம் பலமுறை கேட்டிருக்கின்றனர். கேட்டவரை அதட்டி அமர்த்தும் பெரியவர்களும் உண்டு. நாம் அவ்வாறு செய்யக் கூடாது. அவர் தீயிலே இட்டு அழிக்கப்பட்டார் என்று சொல்வாரும் உளர். பாட்டில் அதற்குச் சான்று இல்லை. எனினும் அப்படி ஒருவர் ஐயுறுமளவுக்குச் சைவ உலகம் நடந்துகொண்டது என்பதை மறுப்பதற்கும் இல்லை.

விடை பெரியபுராணத்திலேயே இருக்கின்றது. வேறோர் ஊரில் இருக்கின்றது. சாத்தமங்கைக்கு வாருங்கள்.

அங்கே திருநீலநக்கர் என்னும் வேதியர், ஆதிரை நாளிலே அயவந்தி ஈசனை மனைவியாருடன் வழிபட்டு, ஐந்தெழுத்து ஓதி அமர்ந்திருந்தார். மேலிருந்து சிலந்தி ஒன்று சிவலிங்கத் திருமேனியில் வீழ்ந்தது. குழந்தைமேல் வீழ்ந்தால் தாய் என் செய்வாள்? அம்மையார் பதறி வாயால் ஊதி, எச்சிற்பட உமிழ்ந்து அதனைப் போக்கினார். திருமேனி தூய்மை கெட்டது என்று கொண்டு நீலநக்கர், உன்னைத் துறந்தேன் எனச் சொல்லி இல்லம் சென்றுவிட்டார். அம்மையார் இரவெல்லாம் கோயிலிலேயே தனித்திருந்தார். அன்றிரவு கனவிலே இறைவன் தன் திருமேனியைக் காட்டினான்: அவள் ஊதிய இடம் ஒழிய ஏனைய இடமெல்லாம் கொப்புளம்! எச்சில் பட்ட இடமே நலமாயிருந்தது; ஆசாரம் காத்த இடமெல்லாம் புண். இதனினும் கூர்மையாக ஓர் அந்தணருக்கு வேறெவ்வாறு பாடம் சொல்வது?

அப்பாடம் வீண்போகவில்லை. பின்னொருநாள் திருஞானசம்பந்தப் பெருமான் அவர் இல்லத்திற்கு எழுந்தருளினார். உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும். அக்காலத்திலே பாணர் குலத்தார் கோயில் வாயிலுக்குப் புறத்தே நின்று வாசித்தவர். மதுரைத் திருவாலவாயிலே இறைவனே அடியார் கனவில் ஆணையிட்டு இவரை உள்ளே அழைப்பித்து, ஈரத்தரையில் யாழ் கெடும் என்று பொற்பலகையும் இடச் செய்தான். அத்தகையவருக்கு இன்றிரவு தங்க இடம் தருக என்று பிள்ளையார் பணித்தார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை; கொட்டிலைக் காட்டவில்லை. நடுமனையிலே, அறாத வேள்வித்தீ வளரும் வேதிகையின் பக்கத்தையே காட்டினார். பாணனாரும் மனைவியாரும் அங்கே பள்ளிகொள்ள, வேள்வித்தீ வலமாகச் சுழித்து மேலோங்கி எழுந்தது.

இப்போது இரண்டு தீயையும் சேர்த்து எண்ணுங்கள். சாத்தமங்கையிலே தீயில் மூழ்கி வா என்று பாணனாரை இறைவன் ஏவவில்லை. தீயே அவரை வணங்கியது. அங்கே வீட்டுக்குடையவர் முன்னரே திருந்தியிருந்தார்; தீ செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. தில்லையிலோ அவ்வாறில்லை. நந்தியை விலக்கியவனுக்கு நந்தனாரை அப்படியே உள்ளழைத்தல் அரிதா? உள்ளே இருந்தோர் கண்ணுக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. அச்சான்றுக்காக அடியவர் தீக்குளித்தார் என்றே நாம் கொள்கின்றோம். இழிபிறப்பு என்று அவரே நினைத்தாரன்றோ எனலாம். பிறந்தது முதல் ஒன்றையே கேட்டு வளர்ந்தவர் நெஞ்சிலே அச்சொல் தானே ஊறிவிடும். சுந்தரர் அச்சொல்லைச் சொல்லவில்லை. செம்மை என்ற சொல்லை அடைகொடுத்து, அவர்க்குத் தாம் அடியேன் என்றார். நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியிலே தில்லை மூவாயிரவர் கைகூப்புதல் உண்டு. தீயைப் பற்றிய பேச்சே இல்லை. சைவர்கள் இதனைச் சிந்தித்தல் நலம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நாயன்மாராக உள்ளே திருமேனி வைத்துப் பூசித்தோம். அவர் குலத்தாரைப் பல நூற்றாண்டுகள் வெளியே நிறுத்தினோம். 1936இல் திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறந்தது. 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் அவர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோரை உடனழைத்துச் சென்றார். 1947இல் சென்னை மாநிலத்திலே சட்டம் வந்தது. 1950இல் அரசியலமைப்புத் தீண்டாமையை ஒழித்தது. தில்லையிலே நந்தனார் பெயரால் மடமும் கல்விச்சாலையும் கண்ட சுவாமி சகஜானந்தர் (1890–1959) தம் வாழ்நாளையே இதற்கு ஈந்தார். அவரை நம் சைவ மேடைகள் போதிய அளவு நினைப்பதில்லை.

கதவு திறந்துவிட்டது, இனி என்ன என்று கேட்கலாம். கோயிற்கதவு திறந்தது. தெருவின் கதவு? ஒரு தெரு முனை வந்ததும் தேர் திரும்பிவிடுகின்ற ஊர்கள் இன்றும் உள. அங்கே மறிப்பவர் ஒருவரும் தென்படார், வழக்கம் என்பார்கள். ஆதனூர் அடியவர் தில்லை எல்லையிலே கண்டதும் இதுவே.

இறுதியாகத் திருநல்லூர்ப் பெருமணத்திற்குச் செல்வோம். பிள்ளையாரின் திருமணத்தன்று அங்கே ஒரு பேரொளி எழுந்தது. அதிலே வாயிலும் அமைந்தது. யாவரும் வருக என்று அழைத்தார் பெருமான். நீலநக்கர் புகுந்தார். யாழ்ப்பாணர் புகுந்தார், மதங்கசூளாமணியாரும் உடன் புகுந்தார். சாத்தமங்கையில் ஓரிரவு ஒரே கூரையின்கீழ்த் தங்கியவர்கள், ஒரே சோதியில் கலந்தனர். மறையவர் மட்டுமா? முத்துச்சிவிகை தாங்கி வந்தவர்கள், மங்கலப் பொருள்களைச் சுமந்து வந்தவர்கள், ஏவல் செய்த பரிசனங்கள், அனைவரும் அவ்வாயிலில் நுழைந்ததாகச் சேக்கிழார் மறவாமல் குறித்துள்ளார். எல்லாரும் உள்ளே சென்று முடியும்வரை மணமகனார் வெளியே நின்றிருந்தார். பிறகே காதலியாரைக் கைப்பற்றி வலம் வந்து, தாமும் உட்புகுந்தார்.

திருச்சிற்றம்பலம்.