பிள்ளைகள் கையில் எந்தப் புத்தகம்?

(ஆலய நவராத்திரி விழாவில், சரசுவதி பூசை நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலைமகளின் திருமுன் புத்தகங்களை அடுக்கி வழிபடும் நன்னாள் இது. இங்கே அடுக்கப்பட்டிருப்பவற்றைச் சற்று உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவை பாட நூல்கள். மற்றவை பயிற்சி நூல்கள். ஒரு பிள்ளை தானே விரும்பி எடுத்துப் படிக்கும் கதைப் புத்தகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை நான் யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. “என்ன புத்தகம் வாங்கிக் கொடுப்பது என்று தெரியவில்லையே ஐயா” என்று பல பெற்றோர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நம் பினாங்கு மண்ணில் 1816ஆம் ஆண்டிலேயே தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் தமிழ் படித்து வருகிறோம். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழை நன்றாகவே கற்கிறார்கள். பிறகு படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே தமிழ், வாரத்தில் சில மணி நேரப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. சில பள்ளிகளில் அதுவும் கிடைப்பதில்லை. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை நம் சமய வகுப்பில் தேவாரம் பாடும்போது, கையிலுள்ள தாளில் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. குரல் இனிமையாக இருக்கிறது, பண்ணும் பிசகுவதில்லை. ஆனால் எழுத்து கைவிட்டுப் போய்விட்டது.

அப்படி எழுதி வைத்திருந்த மாணவி ஒருத்தியிடம், “ஏனம்மா, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே?” என்று கேட்டேன். “தெரியும் ஐயா. ஆனால் படிக்கிற மாதிரி ஒன்றும் இல்லையே” என்றாள். அந்தப் பதிலை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏழு வயதில் பாப்பா பாட்டைக் கொடுக்கிறோம். பிறகு ஒரே தாவலாக, பெரியவர்களுக்கான தடித்த நூலைக் கொடுத்து, “தமிழன் என்றால் இதைப் படிக்க வேண்டும்” என்கிறோம். ஏணியின் நடுப்படிகளை எடுத்துவிட்டு மேலே ஏறச் சொல்வது போல அல்லவா இது!

ஆகவே என் கருத்து ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கு உயர்ந்த நூலைத் தேடுவதற்கு முன், அது படித்து முடிக்கக்கூடிய நூலைத் தேடுங்கள். ஒரு புத்தகத்தை முழுமையாகப் படித்து முடித்த பிள்ளை அடுத்ததைத் தானே கேட்கும். பாதியில் மூடிவைத்த பிள்ளை தமிழையே மூடிவைத்துவிடும்.

முடிக்கக்கூடிய நூல் எது என்று அறிய, ஆசிரியர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்த நூலுக்கு இன்னும் காலம் வரவில்லை. இரண்டு மூன்று விரல் மடங்கினால் அதுவே ஏற்ற நூல்.

இனி, படிப்படியாகச் சில நூல்களைச் சொல்கிறேன்.

முதற்படி, எட்டு வயது வரை. இந்த வயதில் படிக்க வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், நாம்! நாம் வாய்விட்டுப் படிக்க, அவர்கள் கேட்க வேண்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ இன்றும் இதற்கு இணையற்ற நூல். அவர் 1989இல் மறைந்தார். பாடல்களோ இன்னும் பிள்ளைகளின் நாவில் தாளம் போடுகின்றன. படக்கதைகள் வேண்டுவோர்க்குச் சென்னையின் துளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த நூல்களை வெளியிட்டுள்ளது. தமிழ் சரளமாக வராத இளம் தாய் தந்தையர்க்கு இவை பேருதவி. பணம் செலவழிக்க இயலாதவர்கள், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணைய நூலகத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம். அங்கே தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாம்படி, எட்டு முதல் பதினொன்று வரை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அறிவுரை வேண்டாம். ஆபத்தும் சாகசமும் வேண்டும். வாண்டுமாமாவின் கதைகளைக் கொடுங்கள். ‘ஓநாய்க்கோட்டை’ போன்ற கதைகளைத் தொடங்கிய பிள்ளை சாப்பிட அழைத்தாலும் வராது. புராணக் கதைகளுக்கு, 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை நல்ல வாயில். படத்தைப் பார்த்துப் படிப்பது படிப்பாகுமா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நிச்சயமாக ஆகும். அம்புலிமாமாவின் படங்களைப் பார்த்துத்தானே நம்மில் பலர் படிக்கத் தொடங்கினோம்!

மூன்றாம்படி, பதினொன்று முதல் பதினான்கு வரை. நான் கவலைப்படும் வயது இதுதான். தமிழ்ப்பள்ளி வாசலைக் கடந்து, தமிழை விட்டுவிடலாமா என்று பிள்ளை எண்ணும் வயது. இங்கே நம் நாட்டு எழுத்தாளர் கே. பாலமுருகன் எழுதியுள்ள ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற மர்ம நாவல்களைப் பரிந்துரைக்கிறேன். பழங்காலத் தமிழரைப் பற்றி அறிய, கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ இருக்கிறது; 2023இல் பால சாகித்திய விருது பெற்ற நூல். அதே விருதை 2020இல் பெற்றது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. தவறான எண்ணத்தோடு தொடுபவர்களிடமிருந்து பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்பதைக் கதையாகவே சொல்கிறது. வீட்டில் பேசக் கூச்சப்படும் செய்தி இது. தாய்மார்கள் முதலில் தாங்கள் படித்துவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.

இன்னொரு நூல், ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி எழுதிய ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டுள்ளது. குறும்பு அதிகம் என்று முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட புதிய பள்ளிக்குப் போகிறாள். அந்தத் தலைமையாசிரியர் அவள் பேசுவதை நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார்! பிள்ளைகளுக்கு வாங்குங்கள், ஆசிரியர்களும் இரவல் வாங்கிப் படியுங்கள்.

நான்காம்படி, பதினைந்துக்கு மேல். இப்போது பெரிய நூல்களின் கதவைத் திறக்கலாம். மகாபாரதத்துக்கு ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, இராமாயணத்துக்கு அவருடைய ‘சக்கரவர்த்தித் திருமகன்’. இரண்டிலும் நடை எளிது, அத்தியாயங்கள் சிறியவை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமாக 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்தபோது நம் இளைஞர்கள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். ஆனால் ஐந்து பாகத்தையும் ஒரேயடியாகக் கையில் கொடுத்தால் மலைத்துப் போவார்கள். முதலில் ‘பார்த்திபன் கனவு’ படிக்கட்டும். பொன்னியின் செல்வனை முடித்தவர்களைப் பக்கத்துக் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கதையில் வரும் பொன்னியின் செல்வரே இராசராசன். அவருடைய மகன் இராசேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பிய கடாரம் இந்தப் பகுதியே என்று அங்கே சொல்லிக் காட்டலாம். சாண்டில்யனின் ‘கடல் புறா’விலும் கடாரம் வருகிறது, ஆனால் அதன் வருணனைகள் சில வளர்ந்தவர்களுக்கு உரியவை. சற்றுக் காத்திருக்கலாம்.

நம் முன்னோர் பட்ட பாட்டையும் இளைஞர்கள் அறிய வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில், தோட்டப்புறங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தக் கொடுமையைப் பதிவு செய்துள்ளன. நம் குடும்பங்களில் பாட்டன் பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் இந்த நூல்களில் இருக்கலாம். கேள்வி கேட்கும் ஒரு பள்ளிச் சிறுமியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ மிகச் சிறிய நூல். ஒரே அமர்வில் படித்துவிடலாம். ஆனால் மனம் கனத்துப்போகும். அதனால் பதினைந்து வயதுக்குமேல் என்கிறேன்.

அன்பர்களே, பட்டியல் போடுவது எளிது. பிள்ளையின் கையில் சேர்ப்பதே கடினம். அதற்காக மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, நம் ஆலயப் போட்டிகளில் வெல்லும் பிள்ளைகளுக்குக் கேடயத்தோடு ஒரு புத்தகமும் கொடுப்போம். அதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நாம் தேர்ந்தெடுத்தால் அது நமக்குப் பிடித்த நூலாகிவிடும்!

இரண்டு, சமய வகுப்பு அறையில் பூட்டில்லாத ஒரு புத்தக அலமாரி வைப்போம். புத்தகம் கசங்கட்டும், காணாமலும் போகட்டும். கண்ணாடிக்குள் புத்தம் புதிதாக இருப்பதைவிட, யாரோ ஒருவர் வீட்டில் இருப்பது மேல்.

மூன்று, பெற்றோர்களுக்கு. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து படியுங்கள். நீங்கள் தட்டுத்தடுமாறிப் படித்தாலும் பரவாயில்லை. அப்பாவும் அம்மாவும் படிக்கிறார்கள் என்பதைப் பிள்ளை பார்த்தால் போதும்.

இன்று கதைப் புத்தகத்தில் கண் பதிக்கும் பிள்ளைதான் நாளை திருமுறையைத் தமிழ் எழுத்திலேயே திறந்து பாடும். இந்த ஆலயத்தின் கணக்கையும் கல்வெட்டையும் தமிழில் படிக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கலைமகள் நல்லருள் புரிவாளாக!