ஸ்காபரோ–ரூஜ் ரிவர்: வரைபடத்தில் இல்லாத தொகுதி



ஸ்காபரோவில் நெடுங்காலம் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. மல்வேர்ன், மிலிக்கன் போன்ற அயல்களைக் கொண்ட ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி, 1988 கனடியப் பொதுத்தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது. லிபரல் கட்சியின் டெரெக் லீ அன்று தொட்டு 2011 வரை அதன் உறுப்பினர். அந்த நீண்ட காலத்தை நேரம் கருதி இத்துடன் விட்டு, 2011 மே 2 பொதுத்தேர்தல் நாளுக்கு வருகிறேன். நான் ஆசையோடு சொல்ல வந்தது அந்த நாளைத்தான்.

அன்று ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். பக்கத்தில் இருந்த எழுத்தர் பட்டியலில் பெயரைத் தேடி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறுவார். நான் சீட்டின் பின்புறம் சுருக்கொப்பமிட்டு, மடித்துக் காட்டி, வாக்காளரிடம் கொடுப்பேன். மட்டை மறைப்புக்குப் பின்னால் பென்சிலால் புள்ளடி. சீட்டு திரும்பி வந்ததும் அதன் அடித்துண்டைக் கிழித்தெடுத்து, மீண்டும் வாக்காளரிடமே கொடுப்பேன். பெட்டியில் போடுவது அவரின் கைதான், நேயர்களே.

ஓர் அம்மா பெட்டியில் போட்டுவிட்டு, விரலை நீட்டியபடி நின்றார்.

“மை பூசேல்லையோ பிள்ளை?”

“இங்கே மை இல்லையம்மா. பட்டியலில் கோடு கீறியாச்சு.”

“அப்ப என்ர வாக்கு கணக்கில வருமோ?”

“கட்டாயம் வரும்” என்றேன். இரவு, வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்திருக்க, ஒவ்வொரு சீட்டாக விரித்து எண்ணினோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் கனடா வந்த, புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் அத்தொகுதியில் வென்றார். கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் அவர்.

பிறகு ஏன் தொகுதி மறைந்தது? பத்தாண்டுக்கொரு முறை, சனத்தொகைக் கணக்கெடுப்பின் பின், மாகாணத்துக்கு ஒரு சுயாதீன ஆணைக்குழு எல்லைகளைத் திருத்துகிறது. நாடாளுமன்ற ஆசனங்கள் 308இலிருந்து 338 ஆன 2015 தேர்தலில், இதன் பெரும்பகுதி ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்று பிரிந்தது. வடக்கில் நின்ற ராதிகா தோற்றார். ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரி வென்றார். 2025இல் அந்த எல்லையும் மாறி, பெயரும் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்றாயிற்று.

கோடுகள் இனியும் மாறும். மாற்றுமுன் ஆணைக்குழு பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறது. யாரும் போய்ப் பேசலாம். எந்தத் தெரு எந்தத் தெருவோடு சேர வேண்டும் என்பது அங்கே வாழ்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அடுத்த முறை அந்தக் கூட்டத்தில் நம்மவர் குரலும் கேட்கும் என்று நம்புகிறேன்.