நம் வட்டார வரலாற்றுக்கு ஓர் அலமாரி

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





வட்டார வரலாற்று வெளியீடுகளை ஒரு நூலகம் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவன். சரக்கு பிடிப்பது, அடுக்குவது, கணக்கெடுப்பது எனக்குத் தெரிந்த வேலை. அந்த அனுபவத்தை வைத்தே இதைப் பார்க்கிறேன்.

கடையில் பல மாதம் நகராத சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடுவோம். வட்டார வரலாற்று அலமாரிக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலரை இருபது வருடம் யாரும் கேட்காமல் இருக்கலாம். ஒருநாள் கேட்டு வருபவருக்கு அந்த ஒரு பிரதியை விட்டால் வேறு வழி இராது. மறுபடி தருவிக்க முடியாத சரக்கு அது. புத்தகக் கடைப் பட்டியலைப் பார்த்தும் இவற்றை வாங்க முடியாது. பெரும்பாலானவை விற்பனைக்கே வராதவை. இருக்கும் வீட்டுக்கு நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

இப்படிப் போய்க் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபோது அவருடைய சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சத்தை எட்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல், 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்க வழி செய்தது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

நம் சமுதாயத்தின் கதைக்கு வருவோம். சி. கு. மகதூம் சாகிபு சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை 'சிங்கை நேசன்' என்ற வார இதழைத் தீனோதய இயந்திரசாலையில் அச்சிட்டு நடத்தினார். அதன் பிரதிகள் பிழைத்ததால், அந்தக் காலத்துச் சரக்கு விலை, கப்பல் வருகை, ஊர் வழக்கு எல்லாம் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. அதற்கு முன் 1875-இல் வந்த 'சிங்கை வர்த்தமானி'க்குப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இரண்டும் அச்சில் வந்தவைதான். ஒன்றை யாரோ எடுத்து வைத்தார்கள்; மற்றொன்றை யாரும் வைக்கவில்லை.

எங்கே தொடங்குவது? முதலில் பட்டியல். என்ன வெளிவந்தது என்று தெரியாமல் எது இல்லை என்று சொல்ல முடியாது. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்காக இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து, 'தமிழ் மலேசியானா' என்ற பட்டியலை 1969-இல் வெளியிட்டார். அதில் கெடாவில் அச்சானவை எவை, கெடாக்காரர்கள் எழுதியவை எவை என்று குறித்துக்கொண்டால் நமக்கு முதல் வேலை ஆயிற்று. பிறகு 1969-க்குப் பிந்தியவற்றை நாம் சேர்க்க வேண்டும். பள்ளிவாசல், மதரசா, தமிழ்ப்பள்ளி, கோயில், தொழிற்சங்கக் கிளை என்று ஒவ்வோர் இடத்திலும் மலர், ஆண்டறிக்கை, நோட்டீஸ் வந்திருக்கும். வட்டார வரலாறு என்பது நம் சங்கத்தின் வரலாறு மட்டும் அல்ல. டப்ளின் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் அவர்களுக்குத் துணியும் அரிசியும் விற்ற நம் பாட்டன்மாரும் ஒரே வரலாற்றில்தான் இருக்கிறார்கள். மலாய், ஜாவி, ஆங்கிலத் தாள்களும் அந்த அலமாரியில் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு எடுத்தார்கள். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். தலைவர்கள் பேசியது பத்திரிகையில் இருக்கும். பத்து வெள்ளி கட்டிய ரசீது தகரப் பெட்டிக்குள்தான் இருக்கும். லயத்தைக் காலி செய்து பிள்ளைகளோடு சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் போகும்போது, அந்தப் பெட்டிதான் முதலில் வெளியே வீசப்படுகிறது.

நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் கிதாபுகள் பழைய வீடுகளில் இருக்கும். இளையவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. குர்ஆன் ஏடு என்று நினைத்து, சிதைந்த முஸ்ஹஃபுகளோடு சேர்த்து மரியாதையாக அடக்கிவிடுகிறார்கள். நோக்கம் நல்லது, ஆனால் போவது நம் தமிழ். அடக்கும் முன் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

வாங்கும் முறையும் முக்கியம். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பதிவேட்டில் எழுதி, கொடுத்தவருக்கு ரசீது தர வேண்டும். படத்தில் இருப்பவர் பெயரை அடையாளம் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் குறிக்க வேண்டும். கொடுக்க மனமில்லாதவரிடம் இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்துவிடலாம். குடும்ப ரகசியம் உள்ள கடிதத்தை அவர்கள் சம்மதமின்றி யாருக்கும் காட்டக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்குத் தாள் பூஞ்சை பிடிக்கும். ஊசிக் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். சுவரை ஒட்டாத அலமாரியும் காற்றோட்டமும் போதும். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதோடு போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்து வெளியீடுகளை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. நாமும் அசலை ஓரிடத்திலும் ஸ்கேன் பிரதியை வேறிடத்திலும் வைக்க வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, கூட்ட அறையில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் ஒரு பொறுப்பாளரும் ஒதுக்குங்கள். இரண்டு, முதல் பொருளாக நம் ஐம்பது ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளை அதில் வையுங்கள். முன்னாள் செயலாளர்கள் வீட்டில் இருப்பவற்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்று, 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூலின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பொன்விழா மலரை விருந்தினருக்குக் கொடுக்கும் முன் அந்த ஐந்தை எடுத்து வையுங்கள். கெடா மாநிலப் பொது நூலகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள்.

நூறாவது ஆண்டு மலரை எழுதப் போகிறவர்கள் இன்று நம் வீடுகளில் தவழ்கிறார்கள். அவர்கள் தேடி வரும்போது கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.