புகை போகும் வழி

பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரியது என்று போற்றப்படும் திருவண்ணாமலையில் வாழ்பவன் நான். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றப்படும் சுடரைக் காண இலட்சக்கணக்கான மக்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பெருநெருப்பைப் பற்றியன்று. மலைக்குக் கிழக்கே ஓர் ஓட்டு வீட்டின் சமையலறையில் எரியும் சிறு நெருப்பைப் பற்றி. சரியாகச் சொல்லப்போனால், அதன் புகையைப் பற்றி.

என் தாயார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விறகடுப்பின் முன்னே அமர்ந்தவர். ஊதுகுழலால் ஊதி ஊதி அவருக்கு ஏற்பட்ட இருமல், மழைக்காலத்து இருமலென்று முதலில் தோன்றியது. பிறகு கோடையிலும் அது நீங்கவில்லை. மருத்துவர் மார்பைச் சோதித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில் எதை எரித்துச் சமைக்கிறீர்கள்?" அந்தக் கேள்வியோடுதான் இந்த அடுப்புக் கதை தொடங்குகிறது.

எரிவாயு இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. காப்பிக்கும் தாளிதத்துக்கும் அது உதவுகிறது. ஆனால் குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குக் காய்ச்சும் கஞ்சி ஆகிய இவற்றுக்கெல்லாம் உருளையை நம்பினால் மாதம் பாதியிலேயே அது தீர்ந்துவிடும். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு இணைப்புப் பெற்ற எத்தனையோ வீடுகளிலும் விறகடுப்பு இன்னும் அணையவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியே.

இந்நிலையில், எங்கள் பகுதியில் நெடுநாள் தங்கியிருந்த ஐரோப்பியர் ஒருவர் தாயகம் திரும்பும்போது தம் வீட்டுச் சாமான்களை விற்றார். ரமண மகரிஷியின் பெயரால் கடல் கடந்து வந்து இங்கே குடியிருப்போர் பலர். அவர்களுள் ஒருவர் அவர். ரொட்டி சுடுவதற்காகத் தம் நாட்டிலிருந்து வரவழைத்த வார்ப்பிரும்பு அடுப்பை ஏறத்தாழப் பழைய இரும்பு விலைக்கே எனக்குக் கொடுத்தார். நெருப்புக்குக் கதவு, சாம்பலுக்கு இழுப்பறை, மேலே வட்ட வட்டமான இரும்பு மூடிகள், பின்னால் புகைக்குழாய் பொருத்த ஒரு வாய். நான்கு ஆட்கள் சேர்ந்தே அதைத் தூக்கி வண்டியில் ஏற்ற முடிந்தது. எனக்கிருந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது.

ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம், தகரக் குழாயை இரண்டு முழங்கை வளைவுகளோடு சுவர் வழியே வெளியே விட்டு, இறவாணத்துக்குக் கீழேயே அதை முடித்து, அடுப்பைப் பற்ற வைத்தேன். அரை நாழிகைக்குள் புகை முழுவதும் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. பழைய மண்ணடுப்பு ஒரு நாளும் அத்துணைப் புகை கக்கியதில்லை. தாயார் முற்றத்தில் நின்று இருமினார். அந்த ஒலியை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

தவறு அடுப்பினுடையதன்று; என்னுடையதே. சூடான புகை இலேசானது. அது குழாயில் மேலே ஏறும்போது கீழிருந்து புதுக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்புத்தான் அடுப்பின் உயிர். குழாய் உயர உயர இழுப்பு மிகும். வளைவுகள் அதைக் கெடுக்கும். குழாய் குளிர்ந்திருந்தால் இழுப்பே பிறவாது. போதாக்குறைக்கு, ஆடிக் காற்று மேற்கேயிருந்து மலையைத் தாண்டி எங்கள் கூரைமேல் இறங்குவது. நான் குழாயின் வாயை அந்தக் காற்றுக்கு நேரே நீட்டி வைத்திருந்தேன்!

அதன் பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தலைப்பட்டேன். ஐரோப்பாவிலும் சமையல் நெடுங்காலம் திறந்த நெருப்பில்தான் நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் பணியாற்றிய ரம்போர்டு பிரபு, திறந்த நெருப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாவதைக் கண்டு, நெருப்பை அடைத்து வைத்து, பாத்திரங்களை அடுப்பின் துளைகளுக்குள் இறக்கி, காற்றையும் புகையையும் தகடுகளால் கட்டுப்படுத்தினார். அவர் கட்டியது செங்கல் அடுப்பு. இரும்பு அடுப்புகள் வீடுதோறும் பரவியது அதற்குப் பின்னர். நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ். பி. ராஜு என்பவர் புகைபோக்கியுள்ள மண்ணடுப்பு ஒன்றை வகுத்து, 1953-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 1980களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 'அஸ்திரா' அடுப்பை உருவாக்கினர். 1983-இல் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன.

அவற்றுள் பெரும்பாலானவை இன்று எங்கே? ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் புகைபோக்கி அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முதலாண்டில் பெண்கள் உட்கொள்ளும் புகை குறைந்தது. பிறகு அந்தக் குறைவு காணப்படவில்லை. பழுது பார்ப்பாரில்லை, அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் குறைந்துபோயிற்று. ஐரோப்பிய நகரங்களில் புகைபோக்கியைத் துடைப்பதற்கென்றே ஒரு தொழிலாளர் வகுப்பு இருந்தது. நாம் அடுப்பை வாங்கினோம், அந்த ஆளை வாங்கவில்லை. இதைப் படித்தபோது, குழாயை எங்கே நிறுத்துவது என்பதைவிட, அதை யார் துடைப்பது என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் பட்டது. கூரைமேல் ஏறித்தான் துடைக்க வேண்டுமென்றால், என் தாயார் ஏறப் போவதில்லை. நானும் ஆண்டுக்கு ஒரு முறை ஏறினால் பெரிது.

ஆகவே கொல்லரிடம் சொல்லி, குழாய் நேராக மேலே போகும்படியும், அதன் அடியில், தரையிலிருந்து கைக்கெட்டும் உயரத்தில், மூடியுள்ள ஒரு வாய் இருக்கும்படியும் செய்தோம். அடுப்பையொட்டிய முதல் நீளம் கறுப்பு இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய தகரம் கடுஞ்சூட்டில் தீய ஆவியை எழுப்பும் என்பதால் அதை மேற்பகுதிக்கே வைத்தோம். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு முழ அளவுக்கு ஓட்டையும் மரச்சட்டங்களையும் நீக்கித் தகடு அடித்தோம். முகட்டுக்கு மேல் மூன்றடி உயரம்; மழைக்கு ஒரு தொப்பி. பற்ற வைக்குமுன் அடிவாயில் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாயைச் சூடேற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. பச்சை விறகின் எடையில் பாதியளவு தண்ணீர் என்பதால், பிளந்த சவுக்கு விறகு தாழ்வாரத்தில் ஒரு கோடை முழுவதும் காய்ந்த பிறகே அடுப்புக்கு வருகிறது.

இன்னுமொரு சங்கடம். குளிர்நாட்டார்க்கு அடுப்பின் உடற்சூடு வரம். சித்திரையில் நமக்கு அது தண்டனை. கொத்தனார்தாம் வழி சொன்னார். மூன்று பக்கமும் செங்கல் எழுப்பி, இரும்புக்கும் செங்கல்லுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, அதில் சலித்த சாம்பலை நிரப்பினார். சாம்பல் சூட்டைக் கடத்தாது என்று அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. சமையலறையில் இப்போது நிற்க முடிகிறது. மேல்நாட்டு அடுப்பு இவ்வாறு பாதிக்குமேல் நம்மூர் அடுப்பாகிவிட்டது. ரம்போர்டு பிரபு பார்த்தால் தம் அடுப்பென்றும் சொல்லக்கூடும்.

தாயாரை இணங்கச் செய்ததுதான் கடினம். "என்னப்பா, இதற்கு வாயை அடைத்து வைத்திருக்கிறாய்! நெருப்பைப் பார்க்காமல் எப்படிச் சமைப்பது?" என்றார். நியாயமான கேள்வி. சுடரின் நிறத்தையும் உயரத்தையும் பார்த்தே அவர் ஆயுள் முழுவதும் பதம் அறிந்தவர். குண்டான அடியுள்ள வெண்கலப் பானை தட்டையான இரும்பின்மேல் ஆடியது. வட்ட மூடிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, எந்த வட்டத்துக்குள் பானை கழுத்துவரை இறங்கி உட்காருகிறதோ அதை அவரே தேர்ந்தார். கதவை விரற்கடை அளவு திறந்து வைத்தால் சுடர் தெரிகிறது, புகையும் வரவில்லை என்பதையும் அவரே கண்டுபிடித்தார்; எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுப்பு சூடேற நேரமாகிறது என்ற குறை அவருக்கு இன்றும் உண்டு. ஆனால் சோறு வடித்த பிறகு மிஞ்சும் சூட்டிலேயே ஒரு தவலை வெந்நீர் காய்ந்துவிடுகிறது. எரியும் விறகும் முன்னைவிடக் குறைவு. விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் மொட்டையாகி, 1980களின் பிற்பகுதி முதல் பலர் மரம் நட்டு மீண்டும் பசுமை காணும் எங்கள் மலைக்கும் அது நல்லதே.

இருமல் முற்றும் நீங்கவில்லை. ஐம்பது ஆண்டுப் புகை சில மாதங்களில் போய்விடாது. இரவில் தூங்குகிறார். அமாவாசைதோறும் அடுப்பு ஆறிய பின், குழாயின் அடிவாயைத் திறந்து, மூங்கிற்கழியின் நுனியில் கட்டிய தேங்காய் நாரை உள்ளே செலுத்திப் புகைக்கரியைத் தட்டி எடுக்கிறோம். நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. சென்ற அமாவாசையன்று நான் வெளியூரிலிருந்து திரும்பியபோது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒரு முறம் கரியை வாழைக்குழியில் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்.