துப்பாக்கி இருந்தது, துணை இல்லை!

   

எல்லையிலும் மலையிலும் நாட்டைக் காப்பது ஆயுத பலமா, மக்கள் துணையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசின எதிரணித் தம்பி, "துப்பாக்கி இல்லாத சாவடி பூட்டு இல்லாத வீடு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாரு. நல்லாத்தான் சொன்னாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பூட்டு நல்லாத்தான் இருக்கு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரன் பகையா இருந்தா, அந்தப் பூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? (கைதட்டல்)

அய்யா, எங்க திருத்தணி வட்டாரம் 1960 வரைக்கும் சித்தூர் மாவட்டத்தோட இருந்தது. அதனாலே ஆந்திரத்துக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அதுவும் நான் சொல்லப்போறது நடந்த காலத்திலே அந்த மலையும் நம்ம சென்னை மாகாணம்தான்.

1922 ஆகஸ்ட் 22. விசாகப்பட்டினத்துக்கு மேற்கே, காட்டுக்குள்ளே சிந்தப்பள்ளி போலீஸ் ஸ்டேஷன். அல்லூரி சீதாராம ராஜு மலைஜனங்களோட உள்ளே புகுந்தார். துப்பாக்கி, தோட்டா எல்லாத்தையும் எடுத்தார். மறுநாள் 23, கிருஷ்ணதேவிப்பேட்டை. அதுக்கு மறுநாள் 24, ராஜவொம்மங்கி. மூணு நாள், மூணு ஸ்டேஷன்! எடுத்தது இன்னின்னதுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டு வந்தாராம். எந்தத் திருடன் அய்யா பில் போட்டுட்டுப் போறான்? (சிரிப்பு) 2022-லே 'ஆர்.ஆர்.ஆர்.' படத்திலே அந்தப் பேருக்குப் போலீஸ் உடுப்பையே மாட்டி விட்டாங்க. நிஜத்திலே அவர் ஸ்டேஷனுக்குப் போனது வேலை கேட்டு இல்லே! (பலத்த சிரிப்பு)

இப்போ நான் கேட்கிற கேள்வி இதுதான். முதல் ஸ்டேஷன்லே துப்பாக்கி இல்லையா? இருந்தது. இரண்டாவதிலே இல்லையா? இருந்தது. அப்புறம் என்ன இல்லே? "அய்யா, அவங்க வர்றாங்க, உஷாரா இருங்க"ன்னு ஓடி வந்து சொல்ல அந்த மலையிலே சர்க்காருக்கு ஆள் இல்லே.

ஏன் இல்லே? 1882-லே சென்னை வனச் சட்டம் வந்தது. மலைச்சரிவிலே புதரை வெட்டி எரிச்சு விதைக்கிறதுக்கு அங்கே 'போடு'ன்னு பேரு. அது அவங்க சோறு. அதுக்குத் தடை. காட்டுக்குள்ளே ரோடு போடணும்னு அதே ஜனங்களைப் பிடிச்சு வேலை வாங்கினாங்க. கூலியிலும் கை வச்சாங்க. தன் வயித்திலே அடிச்சவனுக்கு எவனாவது ராத்திரியிலே காவல் இருப்பானா?

ஒரு மாசம் கழிச்சு, செப்டம்பர் 24, தாமனபள்ளி கணவாய். ராஜுவைத் தேடிப் போன படை வரிசையா நடக்குது. முன்னாலே போன இந்தியச் சிப்பாய்களைப் போகவிட்டாங்க. பின்னாலே வந்த ஸ்காட் கவர்ட், ஹைட்டர்ங்கிற ரெண்டு வெள்ளை அதிகாரிகளைச் சுட்டாங்க. அந்த இடத்திலே யார் மேலே கோபம், யார் மேலே இல்லேங்கிறது தெளிவாத் தெரிஞ்சிருக்கு.

"கடைசியிலே ஜெயிச்சது துப்பாக்கிதானே, 1924 மே 7-ந் தேதி ராஜுவைச் சுட்டுட்டாங்களே"ன்னு தம்பி அடுத்து எழுந்து கேட்பாரு. கேட்கட்டும். மலபார் ஸ்பெஷல் போலீஸ் வந்தது, அசாம் ரைபிள்ஸ் வந்தது. அப்படியும் ஒண்ணரை வருஷத்துக்கு மேலே ஆச்சே, ஏன்? ஊர் ஊரா நெருக்கி, காட்டுக்குள்ளே சோறு போற வழியை அடைச்ச பிறகுதானே ஆளை நெருங்க முடிஞ்சது? அவருக்குக் கோட்டை எதுன்னு வெள்ளைக்காரனுக்கே புரிஞ்சுபோச்சு, எதிரணிக்குத்தான் புரியலே! (கைதட்டல்)

ராஜுவோட கூட நின்ன மல்லு தொரை பிடிபட்டாரு, சிறையிலே கிடந்தாரு. அதே மல்லு தொரையை 1952-லே ஜனங்க ஓட்டுப் போட்டுப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினாங்க. சுட்டவன் பேரை யாருக்குத் தெரியும்? 2022-லே ராஜு பேராலே ஒரு மாவட்டமே வந்துடுச்சு, பாடேரு தலைநகர்.

இது பழங்கதைன்னு தள்ளிடாதீங்க. 2010 ஏப்ரல் 6-ந் தேதி, சத்தீஸ்கர் தண்டேவாடா காட்டிலே மாவோயிஸ்டுகள் வளைச்சுத் தாக்கினதிலே 76 காவலர்கள் செத்தாங்க. அந்தத் துப்பாக்கிக்கு நான் வக்காலத்து வாங்க வரலே. செத்த அத்தனை பேரும் ஒரு வீட்டுப் பிள்ளை, சம்பளப் பணத்தை ஊருக்கு அனுப்பினவன். என் வயிறு எரியறதே அதுக்குத்தான். அவன் கையிலே நவீன ஆயுதம் இருந்தது. ஆனா, "தம்பி, அந்தப் பக்கம் போகாதே"ன்னு சொல்ல ஒரு கிழவி இருந்திருந்தா? அந்தக் கிழவியை நம்ம பக்கம் வச்சுக்க நாம என்ன செஞ்சோம்? காட்டு நிலத்திலே அவளுக்கும் உரிமை உண்டுன்னு சட்டம் எழுதவே 2006 ஆச்சு. 1882-க்கும் 2006-க்கும் நடுவிலே எத்தனை வருஷம்னு எதிரணித் தம்பி கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

நடுவர் மணி அடிச்சிட்டாரு. துப்பாக்கி வேண்டாம்னு நான் சொல்லலே அய்யா. அதைத் தூக்கிட்டு மலையேறப் போற நம்ம வீட்டுப் பையனுக்கு, அங்கே தாகத்துக்குத் தண்ணி கொடுக்க ஒரு வீடாவது கதவைத் திறக்கணும்னு கேட்கிறேன். (நீண்ட கைதட்டல்)