பிள்ளைகளின் நாவும் திருக்கோயிலும்

(குடமுழுக்கு நாளன்று ரொறன்ரோவில் ஆற்றிய உரை)



திருவருளால் குடமுழுக்கு இனிது நிறைவேறிற்று. பொருளும் உழைப்பும் ஈந்தோர்க்கு நன்றி நவிலும் கடமையை எனக்கு முன் பேசிய பெரியோர் செய்துவிட்டனர். ஆதலின், நெடுநாளாக அடியேன் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல விடை தருக.

இன்று காலை எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இச்சந்நிதியில் தேவாரம் பாடினாள். பண் பிசகவில்லை, கேட்டோர் கண் கசிந்தனர். அவள் கையிலிருந்த தாளில் பதிகம் ஆங்கில எழுத்தில் இருந்தது. பாடி முடித்ததும் அவளுடைய அப்பம்மா, "பசிக்குதோ பிள்ளை?" என்று கேட்டார். கேள்வி பிள்ளைக்கு விளங்கிற்று. விடையோ ஆங்கிலத்தில் வந்தது. அது அப்பம்மாவுக்கு விளங்கவில்லை.

மொழி இவ்வாறுதான் பிரிகின்றது. முதலில் நா விலகும். செவி பின்னும் சில காலம் தங்கும். தமிழ் மட்டுமே பேசிய பிள்ளை, பள்ளி சென்று சில ஆண்டுகளில் உடன்பிறந்தாரோடு ஆங்கிலம் பேசத் தொடங்கும். மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து கொணரும் மொழியே இளையதற்கு வீட்டு மொழியாகிவிடும். அதனாற்றான் ஒரே வீட்டில் மூத்தவனுக்கு வாய்த்த தமிழ் கடைக்குட்டிக்கு வாய்ப்பதில்லை. பெற்றோரோ இரண்டு வேலை செய்து களைத்து வருகின்றனர். எது விரைவில் விளங்குமோ அதிற் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

கோயில் இருக்கும்வரை தமிழும் இருக்கும் என்பார் உளர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் நேட்டால் கரும்புத் தோட்டங்களிற் குடியேறிய தமிழர் கோயில் எழுப்பினர், காவடி எடுத்தனர். அவர் மரபினர் இன்றும் எடுக்கின்றனர். வீட்டிற் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலமே. மொரிசியசில் தைப்பூசம் அரசு விடுமுறை; பணத்தாளிலும் தமிழ் எழுத்து உண்டு; ஆயினும் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் கிரியோல். கோயில் வழிபாட்டைக் காத்தது, பேச்சைக் காக்கவில்லை.

எனினும் ஒன்று எனக்கு ஆறுதல் தருகின்றது. மொன்றியல் அறிஞர் 2014 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். சீனத்திற் பிறந்து, ஏறத்தாழ ஒரு வயதிலேயே பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்து வந்த சிறுமியர் சீன மொழியை அறவே மறந்திருந்தனர். அவ்வாறிருந்தும் சீனச் சொல்லொலியின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டபோது, அவர்தம் மூளை சீனம் பேசுவோர் மூளைபோலவே இயங்கிற்றாம்.

அறங்காவலர்க்கு ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப்பின் பிரசாதம் வழங்கும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். முதியோர் வரிசையில் நிற்கட்டும், "இன்னும் கொஞ்சம் போடு மோனை" என்று கேட்கட்டும், "காணுமோ?" என்று பிள்ளை வினவட்டும். தாளைப் பார்த்துச் செய்ய இயலாத பயிற்சி அது. பிள்ளை பிழைபடப் பேசினால் தயவுசெய்து சிரியாதீர்கள். ஒருமுறை சிரித்ததனால் தமிழ் பேச வாய் மூடிய பிள்ளைகளை யான் அறிவேன். என் இளைய மகன் அவர்களுள் ஒருவன். சிரித்தவன் யானே. அவனுக்கு இப்போது நாற்பது வயது. இன்றும் என்னோடு ஆங்கிலத்திலேயே பேசுகின்றான்.